மழை மாதங்களில் சைக்கிளை வீட்டில் வைப்பதும், காரிலும் ரயிலிலும் கொண்டுபோவதும்

நவம்பரில் மழை பிடித்தால் சைக்கிள் ஓட்டுவது குறைந்துவிடும். டிசம்பரில் பள்ளி விடுமுறை, ஊருக்குப் போகிறவர்கள் போய்விடுவார்கள், ஜனவரியிலும் மழை விடாது, தைப்பூசமெல்லாம் முடிந்து ஒருநாள் ஞாபகம் வந்து வண்டியை எடுத்தால் சங்கிலி சிவந்து கிடக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் பனிக்குப் பயந்து கேரவனையே மூடிக்கட்டி வைக்கிறார்கள். நமக்குப் பனி இல்லை, ஆனால் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிற ஊர் நம் சிங்கப்பூர்.

ஓர் ஆண்டு நான் பெரிய புத்திசாலி மாதிரி சைக்கிளை அடுக்குமாடி வீட்டின் பொதுத் தாழ்வாரத்தில் நிறுத்தி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, காற்றில் பறக்காமல் அடியில் கயிறும் கட்டிவிட்டு ஆறு வாரம் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து உறையைத் தூக்கினால் உள்பக்கம் முழுக்க இட்லிச்சட்டி மூடி மாதிரி நீர்த்துளி. மிதியைச் சுற்றினால் முறுக்கைக் கடிக்கிற சத்தம். பக்கத்து வீட்டு அங்கிளின் பழைய சைக்கிள் உறையே இல்லாமல் அதே தாழ்வாரத்தில் நின்றது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மழை உள்ளே போய் என் வண்டி கெடவில்லை, உள்ளே இருந்த ஈரம் வெளியே போக முடியாமல் கெட்டது. அதிலிருந்து உறை போடுவதையே விட்டுவிட்டேன். தூசுக்காக ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் பழைய பருத்திப் போர்வை போதும்.

எடுத்து வைக்குமுன் கழுவுங்கள். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பக்கம் ஓட்டுகிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது, கடற்காற்றின் உப்பு கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். குளியலறையில் ஒரு வாளி நீர், பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம், பழைய பல்துலக்கி ஒன்று, அவ்வளவுதான். குழாயை வேகமாகத் திறந்து அச்சுகளில் பீய்ச்சாதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும்.

பலர் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. இருக்கைத் தண்டு எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு துண்டு டேப்பைச் சுற்றிவிட்டு, தண்டை முழுக்க உருவி எடுங்கள். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து லேசாக ஆட்டுங்கள். போன முறை என் வண்டியிலிருந்து அரை டம்ளர் பழுப்புத் தண்ணீர் கொட்டியது, பார்க்கப் பால் ஊற்றாத தேநீர், தே-ஓ மாதிரியே இருந்தது. மழையில் ஓட்டும்போது பின்சக்கரம் அடிக்கும் நீர் தண்டின் ஓரமாக இறங்கி உள்ளே தேங்குகிறது, இரும்புச் சட்டமாக இருந்தால் உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். ஒரு ராத்திரி மின்விசிறிக்கு முன்னால் அப்படியே விட்டுவிட்டு, காலையில் தண்டில் மெல்லிசாகக் கிரீஸ் தடவித் திரும்பச் செருகுங்கள். கார்பன் தண்டுக்கு மட்டும் சாதாரணக் கிரீஸ் வேண்டாம், அதற்கென்று தனியாக ஒரு பசை விற்கிறார்கள்.

சங்கிலிக்கு எண்ணெய். டபிள்யூடி-40 அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் நம்மில் நிறைய. அந்தப் பெயரிலேயே (Water Displacement) விஷயம் இருக்கிறது, நீரை வெளியேற்றுவதற்காகச் செய்தது அது, சில நாளில் ஆவியாகிவிடும். அதை அடித்து நீரைத் துரத்தி, துணியால் துடைத்து, அப்புறம் சங்கிலி எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு வீதம் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். என் மாமியார் தேங்காய் எண்ணெய் போடச் சொன்னார். தலைக்கு நல்லதுதான், சங்கிலியில் பிசுபிசுத்துத் தூசைச் சேர்க்கும். டிஸ்க் பிரேக் தட்டில் எந்த எண்ணெயும் படக்கூடாது.

சரி, எங்கே வைப்பது? தாழ்வாரம் என்றால் 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும், தீ பிடித்தால் எல்லாரும் ஓட வேண்டிய வழி அது. டேப் வைத்து அளக்கும்போது சக்கரத்திலிருந்து அளக்காதீர்கள், கைப்பிடியின் நுனியிலிருந்து அளங்கள். தீயணைப்புக் குழாய்ப் பெட்டிக்கு முன்னால் நிறுத்த வேண்டாம். புளோக்கின் கீழ்த்தளத்து நிறுத்துமிடத்தில் விடுவதானால் மாதம் ஒருமுறையாவது யாராவது போய்ப் பார்க்கட்டும், கேட்பாரற்ற சைக்கிள் என்று நகர மன்றம் சீட்டு ஒட்டிய பிறகு ஊரில் இருந்துகொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டுக்குள் என்றால் பாம் ஷெல்டரில், அதாவது குண்டுவீச்சிலிருந்து தப்ப வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் காப்பறையில், வைக்கத் தோன்றும். வைக்கலாம், ஆனால் காற்றோட்டம் குறைந்த அறை, எனவே கதவை அவ்வப்போது திறந்துவிட வேண்டும். அந்தச் சுவரில் கண்டபடி துளை போடக்கூடாது என்பதால் தரையில் நிற்கும் ஸ்டாண்டுதான் நிம்மதி. உள்ளே ஈரம் உறிஞ்சும் டப்பா வைப்பதானால் சைக்கிளுக்கு நேர் கீழே வேண்டாம். அதில் சேரும் நீர் கால்சியம் குளோரைடு கரைசல், சிந்தினால் மழைத்தண்ணீரைவிட மோசமாக இரும்பைத் தின்னும். டயரில் காற்றை நிரப்பி வைத்துவிட்டு, சில வாரத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றி வைத்தால் ஒரே இடம் அழுந்தாது.

மின்சைக்கிளாக இருந்தால் பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றி, வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள். வாசலுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், ஏதாவது ஆனால் வெளியேறும் வழியே போய்விடும். ராத்திரி முழுக்கச் சார்ஜில் விடுவதும் கூடாது.

இனி கொண்டுபோகும் கதை. ரயிலிலும் பேருந்திலும் மடக்கு சைக்கிள் மட்டும்தான், மடக்கிய பிறகு 120-க்கு 70-க்கு 40 செண்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும், உள்ளே இருக்கும்வரை விரிக்கக் கூடாது. மாடிப் பேருந்தில் கீழ்த்தளத்தில் நில்லுங்கள். மழையில் நனைந்த வண்டி என்றால் சங்கிலிப் பக்கத்துக்கு ஒரு குப்பைப்பை மாட்டிவிடுங்கள், பக்கத்தில் நிற்கிறவரின் அலுவலகக் கால்சட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

காரில் என்றால் என் முதல் தேர்வு உள்ளேதான். பின்னிருக்கையைச் சாய்த்து, முன்சக்கரத்தைக் கழற்றி, சங்கிலிப் பக்கம் மேலே பார்க்கும்படி படுக்க வையுங்கள். இரண்டு வண்டி, மூன்று பேர் என்றால் பின்பக்க ரேக் வேண்டியிருக்கும். கனமானது காரை ஒட்டி, அடுத்தது எதிர்த்திசையில் திரும்பி, ஒன்றின் மிதி மற்றதன் கம்பிகளுக்குள் போகாமல் நடுவே பழைய துண்டு. சக்கரங்களையும் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் விரைவுச்சாலையில் காற்றுக்குச் சுழன்றுகொண்டே வரும். புகைக்குழாய்க்கு நேரே டயர் தொங்கினால் வெந்துவிடும். கார் எண்ணும் பின்விளக்குகளும் மறையக்கூடாது. ஐந்து நிமிடம் ஓட்டியதும் ஓரமாக நிறுத்தி வாரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள், கண்டிப்பாகத் தளர்ந்திருக்கும்.

கூரை ரேக் எனக்குப் பிடிக்காது. காரணம் மச்சான். மலேசியாவின் ஜொகூரிலிருந்து களைப்பாக வந்தவர் நேராக மாடிக் கார்நிறுத்தத்துக்குள் நுழைந்தார், நுழைவாயிலில் உயரம் காட்டும் கம்பி கூரைமேல் இருந்த சைக்கிள்களின் இருக்கைகளைப் பிடித்துக்கொண்டது, இரண்டு சைக்கிளும் ரேக்கும் கூரையில் ஒரு பள்ளமும் சேர்ந்து அந்த மாதச் செலவு. கூரையில் நிற்க வைத்த சைக்கிளோடு சாதாரணக் காரே இரண்டரை மீட்டரைத் தொடும். இப்போது அவர் சைக்கிள் மேலே இருக்கும்வரை, அது மறந்துபோகாமல் இருக்க ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறார், அக்காவின் உத்தரவு.

உட்லண்ட்ஸ் வழியோ துவாஸ் வழியோ, மலேசியாவுக்கு எல்லை தாண்டுவதென்றால் பெட்ரோல் தொட்டி முக்கால் நிரம்பியிருக்க வேண்டும், மலேசிய வாகன நுழைவு அனுமதியும் தயாராக இருக்க வேண்டும். கடற்பாலத்தில் மணிக்கணக்காக மழையில் நிற்க நேர்ந்தால் இருக்கைக்கும் கைப்பிடிக்கும் மட்டும் பை கட்டுங்கள், முழுசாகத் தார்பாய் சுற்றினால் ஓடும்போது காற்று பிடித்து ரேக்கையே இழுக்கும். வீடு வந்ததும் அந்தப் பைகளை முதலில் அவிழ்த்துவிடுங்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டேன், நாலு நாளில் இருக்கைமேல் பூஞ்சணம்.