பழைய வெள்ளிக்காசு: கழுவியதா, கைவைத்ததா என்று பார்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பழைய வெள்ளிக்காசு கையில் கிடைத்ததும் பலரும் முதலில் பார்ப்பது பளபளப்பைத்தான். பளிச்சென்று இருந்தால் நன்றாக வைத்திருந்திருக்கிறார்கள், கறுத்திருந்தால் கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. காற்றிலிருக்கும் கந்தகச் சேர்மங்கள் பட்டு வெள்ளியின் மேல் சல்ஃபைடு படலம் படிவது இயல்பு. நூறு வருஷம் பல கை மாறிய காசு சாம்பல் நிறமாக, மேடான இடங்கள் கொஞ்சம் வெளிறியும் பள்ளங்கள் கறுத்தும்தான் இருக்கும். காசிலுள்ள தலை உருவத்தின் முடி இழைகளெல்லாம் மழுங்கிப்போயிருக்க, சுற்றியிருக்கும் உருவமோ எழுத்தோ இல்லாத வெற்றிடம் மட்டும் புதுசு மாதிரி மின்னினால் சந்தேகப்படுங்கள். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் அழுக்கு ஒட்டியிருந்து மற்ற இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தால், யாரோ தேய்த்திருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது வெளிச்சம். அறை முழுக்கப் பரவுகிற ட்யூப்லைட்டில் எதுவும் சரியாகத் தெரியாது. ஒரே ஒரு பல்பின் கீழே, காசின் விளிம்பைப் பிடித்து மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள். அச்சடிக்கும் அழுத்தத்தில் உலோகம் வெளிப்பக்கமாக நகர்வதால் கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகள் உண்டாகும். அதிகம் தேயாத, கைபடாத காசில் ஒளிக்கீற்றுகள் நடுவிலிருந்து விளிம்புவரை சுழன்று ஓடுவது அந்த வரிகளால்தான். கறுப்பை நீக்கும் அமிலக் கரைசலில் திரும்பத் திரும்ப முக்கினால் வரிகள் கரைந்துவிடும். அப்புறம் காசு வெண்மையாக இருக்கும், ஆனால் உயிரில்லாமல் இருக்கும். பாலிஷ் போட்ட காசோ எப்படித் திருப்பினாலும் தட்டையாகவே மின்னும்.

பத்து மடங்கு லென்ஸில் கோடுகள் தெரிந்ததும் "கழுவியாச்சு" என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு, இதில் எனக்கு நிஜமாகவே வருத்தம், நல்ல காசுகள் வீணாகப் பழி சுமக்கின்றன. துணியால் தேய்த்த கீறல் உலோகத்துக்குள் பதிந்திருக்கும், வெற்றிடத்தில் தொடங்கி உருவத்தின் மேலேயும் ஏறிப்போகும். காசை அடிக்கும் அச்சைத் தீட்டியதால் வந்த கோடு மேலெழும்பியிருக்கும், எழுத்து அல்லது உருவத்தின் ஓரத்தில் சட்டென்று நின்றுவிடும். இது பிறவிக்கோடு, குற்றமே இல்லை. மிகப் பழைய காசுகளில் எடையைச் சரிசெய்ய அச்சடிப்பதற்கு முன்பே அரம் போட்டிருப்பார்கள், அதுவும் பிற்காலச் சேதம் ஆகாது. சுழலும் கம்பித்தூரிகையால் தேய்த்ததென்றால் எழுத்துகளின் பக்கவாட்டில் உலோகம் ஒதுங்கி வரப்புபோல் நிற்கும்.

வானவில் நிறங்களில் மயங்குவது இன்னொன்று. இயற்கையாகப் படலம் தடிக்கும்போது வெளிர்மஞ்சள், பொன்னிறம், செம்பழுப்பு, கருஞ்சிவப்பு, நீலம் என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நிறம் மெல்ல நழுவும். மஞ்சளை ஒட்டியே திடீரென்று அடர்நீலம் திட்டாக நின்றால், அல்லது கீறலுக்குள்ளும் அதே நிறம் இறங்கியிருந்தால் யோசியுங்கள். கழுவியதை மறைக்கத்தான் பெரும்பாலும் கந்தகமும் சூடும் காட்டி நிறமேற்றுகிறார்கள்.

இரண்டு முகங்களை மட்டும் பார்த்துவிட்டு விளிம்பை விட்டுவிடாதீர்கள். நகையாக மாட்டியிருந்த காசில் பற்றவைத்த தடம், அடைத்த துளை, பல்வரிசை திடீரென்று வழுக்கிப்போன இடம் எல்லாம் அங்கேதான் அகப்படும்.

ஆண்டும், எந்த அக்கசாலையில் அச்சானது என்று காட்டும் சின்ன எழுத்தான அக்கசாலைக் குறியும் தனிக் கதை. 1928-இல் ஃபிலடெல்ஃபியாவில் அச்சான 'பீஸ் டாலர்' என்ற அமெரிக்க வெள்ளிக்காசு 3,60,649 மட்டுமே. அதில் குறி கிடையாது. அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோ டாலரில் 'எஸ்' எழுத்து உண்டு, அது பல மடங்கு அதிகமாக அச்சானது. எழுத்தைச் சுரண்டினால் அரிதான காசு தயார்! ஆகவே எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் பரப்பு சுற்றியுள்ளதைவிட வழவழப்பாகவோ பள்ளமாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லாத காசில் பிறகு ஒட்டிய எழுத்தென்றால் அடியில் மெல்லிய கோடு தெரியும். இங்கே எடை உதவாது, எடை போலியைத்தான் காட்டிக்கொடுக்கும்.

சோதிக்கிறேன் என்று ஓரத்தைத் தேய்ப்பதும் அமிலச் சொட்டு வைப்பதும் வேண்டவே வேண்டாம். புகைப்படத்தை மட்டும் பார்த்து வாங்குவதும் அப்படித்தான். பரவலான வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மயிரிழைக் கீறல்கள் மறைந்தே போகும். ஒற்றை விளக்கின் கீழ் காசைச் சாய்த்துக் காட்டும் வீடியோ கேளுங்கள், விளிம்பையும் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள்.