வலப்பக்கத்தில் சைன், காஸ் வந்தால்: சிறப்புத் தீர்வை ஊகிக்கும் முறை

மாறிலிக் கெழுக்கள் கொண்ட இரண்டாம் வரிசை நேரியல் வகைக்கெழுச் சமன்பாட்டின் வலப்பக்கத்தில் சைன், காஸ், ஈ பவர் எக்ஸ் போன்ற விஞ்சிய சார்பு நின்றால், பலரும் நேரே சிறப்புத் தீர்வை (சமன்பாட்டை நிறைவுசெய்யும் ஏதேனும் ஒரு தீர்வை) ஊகிக்கப் போய்விடுகிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது. முதலில் வலப்பக்கத்தைப் பூச்சியமாக்கி, அப்போது கிடைக்கும் பொதுத் தீர்வான நிரப்புச் சார்பைக் கண்டுபிடியுங்கள். அது கையில் இல்லாமல் ஊகம் செல்லுமா என்று சொல்லவே முடியாது.

ஊகத்தில் சைனும் காஸும் சேர்ந்தே வர வேண்டும். ஒய்″ + 3ஒய்′ + 2ஒய் = சைன் எக்ஸ் என்பதில் அ சைன் எக்ஸ் மட்டும் போட்டுப் பாருங்கள்: இடப்பக்கம் அ சைன் எக்ஸ் + 3அ காஸ் எக்ஸ் ஆகும். சைனின் கெழு அ = 1 என்கிறது, காஸின் கெழு அ = 0 என்கிறது. முதல் வகைக்கெழு உள்ளே கொண்டுவந்த காஸை ஈடுகட்ட ஆளில்லை.

இனி முக்கியமான இடம். ஒய்″ + ஒய் = சைன் எக்ஸ்; எக்ஸ் = 0 இல் ஒய், ஒய்′ இரண்டும் 0. நிரப்புச் சார்பு க காஸ் எக்ஸ் + ங சைன் எக்ஸ். வழக்கமான ஊகமும் இதே வடிவம்தான்; அதைப் பிரதியிட்டால் இடப்பக்கம் முழுவதும் பூச்சியமாகி, 0 = சைன் எக்ஸ் என்று நிற்கும். ஊகத்தை எக்ஸால் பெருக்குங்கள்: எக்ஸ் (அ காஸ் எக்ஸ் + ஆ சைன் எக்ஸ்). இருமுறை வகையிட்டுப் பிரதியிட்டால் எக்ஸ் உள்ள உறுப்புகள் அடிபட்டு, −2அ சைன் எக்ஸ் + 2ஆ காஸ் எக்ஸ் மட்டும் மிஞ்சும். எனவே அ = −1/2, ஆ = 0. சிறப்புத் தீர்வு −(எக்ஸ் காஸ் எக்ஸ்)/2. அலைவின் வீச்சு எக்ஸோடு சேர்ந்து வளர்வதைக் கவனியுங்கள். ஒத்ததிர்வு என்பது இதுதான்.

ஒய்″, ஒய்′, ஒய் இடத்தில் ம², ம, 1 போட்டுக் கிடைக்கும் துணைச் சமன்பாட்டின் மூலம் இரட்டையாகி, வலப்பக்கமும் அதே மூலத்துக்குரிய அடுக்குச் சார்பானால் ஒருமுறை பெருக்கினால் போதாது. ஒய்″ − 2ஒய்′ + ஒய் = ஈ பவர் எக்ஸ் என்பதற்கு எக்ஸ்² கொண்டு பெருக்க வேண்டும்; கெழு 1/2 வரும்.

தொடக்க நிபந்தனைகளை முழுத் தீர்வில்தான் (நிரப்புச் சார்பு + சிறப்புத் தீர்வு) போட வேண்டும். மேலே பார்த்த ஒய்″ + ஒய் = சைன் எக்ஸ் என்பதில், நிரப்புச் சார்பில் மட்டும் போட்டால் க, ங இரண்டும் 0 ஆகி, ஒய்′(0) = −1/2 என்று தவறும். முழுத் தீர்வில் போட்டால் க = 0, ங = 1/2. விடை: ஒய் = (சைன் எக்ஸ் − எக்ஸ் காஸ் எக்ஸ்)/2. எக்ஸ் = 1 இல் இது 0.1506. கால்குலேட்டர் −0.4912 காட்டினால் அது டிகிரியில் இருக்கிறது, ரேடியனுக்கு மாற்றுங்கள்.

வலப்பக்கம் சீகன்ட், டேன், மடக்கை என்றால் ஊகமே வேண்டாம். சீகன்டை வகையிட வகையிடப் புதுப்புது உறுப்புகள் முளைக்கும், எண்ணிக்கை முடியாது. நிரப்புச் சார்பிலுள்ள க, ங மாறிலிகளை எக்ஸின் சார்புகளாக்கும் முறையை எடுங்கள்; அதற்குமுன் ஒய்″ இன் கெழுவை 1 ஆக்கிவிடுங்கள், இதை மறந்தால் விடை அந்தக் கெழுவின் மடங்கில் தவறும். ஒய்″ + ஒய் = சீகன்ட் எக்ஸ் என்பதில் ரான்ஸ்கியன் (காஸ் எக்ஸ், சைன் எக்ஸ் இரண்டையும் அவற்றின் வகைக்கெழுக்களையும் கொண்ட அணிக்கோவை) 1. காஸின் பெருக்கியாக வரும் சார்பின் வகைக்கெழு −டேன் எக்ஸ், சைனுக்கு 1. தொகையிட்டால் சிறப்புத் தீர்வு காஸ் எக்ஸ் × மடக்கை |காஸ் எக்ஸ்| + எக்ஸ் சைன் எக்ஸ். இங்கே மடக்கை என்பது இயல் மடக்கை. எக்ஸ் = 0 இல் நிபந்தனை தந்திருந்தால் இந்த விடை −π/2 க்கும் π/2 க்கும் இடையில் மட்டுமே செல்லும்; அந்த இடைவெளியை விடையோடு சேர்த்தே எழுதுங்கள்.