குமரி மாவட்டத்தில் கைத்துப்பாக்கி உரிமம்: விண்ணப்பம் முதல் வெளியே எடுத்துச் செல்வது வரை

வீட்டில் வைத்திருக்க ஒரு உரிமம், வெளியே எடுத்துச் செல்ல இன்னொரு உரிமம் என்று நம் நாட்டில் கிடையாது. வாங்க, வைத்திருக்க, எடுத்துச் செல்ல மூன்றுக்கும் படிவம் 3-இல் வரும் ஒரே உரிமம்தான். ஆனால் அது எந்த எல்லை வரை செல்லும் என்பதும் அதே தாளில்தான் எழுதப்படுகிறது. குமரி மாவட்டத்துக்காரர்கள் விண்ணப்பத்தில் பேனா வைக்கும் முன் இரண்டு எல்லைகளைப் பார்க்க வேண்டும். ஒன்று கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை, இன்னொன்று வனவிலங்கு சரணாலயம்.

அடிப்படைச் சட்டம் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், நடைமுறை 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். உரிமம் 5 ஆண்டு செல்லும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். உரிமம் இல்லாமல் வைத்திருந்து பிடிபட்டால் 2 முதல் 5 ஆண்டு சிறை. இணையத்தில் பழைய பதிவுகளைப் படித்துவிட்டு "மூன்று துப்பாக்கி, மூன்று ஆண்டு" என்று இன்னமும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது போய்விட்டது.

படி 1: கைத்துப்பாக்கிதான் வேண்டுமா?

சட்டத்தின் 13-ஆம் பிரிவு இரண்டு வழி வைத்திருக்கிறது. 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத வழுவழுப்பான குழல் கொண்ட துப்பாக்கியைத் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ குடிமகன் கேட்டால், தடை ஏதும் இல்லாதவரை அதிகாரி கொடுக்க வேண்டும் என்கிறது. ரிவால்வரும் பிஸ்டலும் அடுத்த வரிசையில் வருகின்றன. அங்கே "தகுந்த காரணம்" இருப்பதாக அதிகாரி திருப்தி அடைய வேண்டும். கேட்டதும் கிடைக்கும் உரிமை இல்லை அது. மரச்சீனித் தோட்டத்தில் பன்றித் தொல்லை என்று எழுதிவிட்டு ரிவால்வர் கேட்டால் மனு முதல் மேசையிலேயே நிற்கும். பயிர்க் காவலுக்குச் சட்டம் முதலில் சொல்வது குழலின் வாய் வழியாக வெடிமருந்து நிறைக்கும் துப்பாக்கியைத்தான். உரிமம் இருப்பதாலேயே காட்டு விலங்கைச் சுடலாம் என்றும் பொருள் இல்லை.

போர் (bore, அதாவது குழலின் உள்விட்ட அளவு) விஷயத்தில் ஒரே வரி: 9 மி.மீ. போன்ற தடை செய்யப்பட்ட போர்கள் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கையில் இருக்கின்றன. கலெக்டர் கொடுக்கக்கூடியது .32 போன்ற தடை செய்யப்படாத போர் மட்டும்.

படி 2: 10 கிலோமீட்டர் கணக்கு

மேற்கு மலைப் பக்கம் இருப்பவர்கள் இதை நிதானமாகப் படியுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 34 சொல்வது: சரணாலயத்திலிருந்து 10 கி.மீ. சுற்றளவுக்குள் புதிய ஆயுத உரிமம் கொடுக்க வேண்டுமானால், தலைமை வனவிலங்குக் காப்பாளரின் இசைவை முன்கூட்டியே பெற வேண்டும். நம் மாவட்டத்தில் இருப்பது கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். பேச்சிப்பாறை, கீரிப்பாறை, தடிக்காரன்கோணம் பக்கத்து வீடுகள் இந்த வட்டத்துக்குள் வருகின்றன. குலசேகரம் சுற்றுவட்டாரத்திலும் வீட்டுக்கு வீடு தூரம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

போலீஸ் அறிக்கை சாதகமாக வந்தும் கோப்பு மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால், இந்த இசைவு கேட்கப்பட்டதா என்று முதலில் விசாரியுங்கள். அதைவிட நல்லது, மனுவோடு வீட்டின் சர்வே எண்ணும் சரணாலய எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் ஒரு தாளில் எழுதி இணைப்பது. வட்டத்துக்கு வெளியே இருந்தால் அந்தத் தாளே பதில். உள்ளே இருந்தால் கோப்பு வனத்துறைக்குப் போக வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

பின்னர் சேர்த்தது: தோட்டம் வட்டத்துக்குள், வீடு நாகர்கோவிலில் என்றால் என்ன? மனு குடியிருக்கும் முகவரியை வைத்து நடக்கும். ஆனால் துப்பாக்கியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய எழுத்துமூல அனுமதி வேண்டும் என்பது அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு. உரிமம் கையில் இருப்பது அதற்கு ஈடாகாது.

படி 3: படிவம் ஏ-1

இதுதான் விண்ணப்பப் படிவம். விண்ணப்பம் என்.டி.ஏ.எல்.-அலிஸ் என்ற தேசிய ஆயுத உரிம இணையதளத்தின் வழியாகப் பதிவாகி, உங்களுக்கு ஒரு தனி அடையாள எண் வரும். அந்த எண் இல்லாத பழைய உரிமங்கள் 2020 ஜூன் 29-க்குப் பிறகு செல்லாது. தாத்தா காலத்துப் புத்தக உரிமத்தைப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்கள் இதைச் சரிபார்ப்பது அவசியம்.

இணைக்க வேண்டியவை: வெள்ளைப் பின்னணியில் 4 புகைப்படம், வயதுச் சான்று, அடையாள முகவரிச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழி, எஸ்-3 படிவத்தில் மருத்துவச் சான்று. மருத்துவச் சான்றில் மனநலம், உடல்தகுதி இரண்டோடு, போதைப்பொருளுக்கு அடிமை இல்லை என்ற வரியும் தனியாக இருக்க வேண்டும். "உடல்தகுதி உள்ளவர்" என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் சான்று திரும்பி வரும். படிவத்தை அச்சிட்டுக் கையில் கொண்டுபோய் டாக்டரிடம் கொடுங்கள்.

காரணம் எழுதும் இடத்தில் "என் உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து" என்று எழுதுவது வீண். இப்படி எழுதலாம்: "மார்த்தாண்டத்தில் நகைக்கடை. இரவு 9 மணிக்குக் கடை பூட்டி, நகையும் பணமுமாக 7 கி.மீ. பயணம். வழிமறித்தது பற்றி இரண்டு முறை புகார், சி.எஸ்.ஆர். எண்கள் இணைப்பில்." தொழில் பதிவு, வருமானவரிக் கணக்கு, புகார் ரசீது ஆகியவை காரணத்துக்குச் சாட்சி. சொத்து மதிப்பு அதிகம் என்று காட்ட மெனக்கெட வேண்டாம். போதிய சொத்து இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவே சொல்கிறது.

நிலுவை வழக்கு இருந்தால் மறைக்காதீர்கள். மறைத்து வாங்கிய உரிமத்தைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்ய 17-ஆம் பிரிவு இடம் தருகிறது.

அடுத்து, எந்தப் பகுதிக்குள் எடுத்துச் செல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்கும் கட்டம். மாவட்டம், மாநிலம், இந்தியா முழுவதும் என்று மூன்று உண்டு. மாவட்டம் மட்டும் என்றால் ஆரல்வாய்மொழி தாண்டி காவல்கிணறு போனாலே உரிமம் செல்லாது. தமிழ்நாடு முழுவதும் என்றால் களியக்காவிளை சோதனைச்சாவடியோடு முடிந்தது. நமக்குப் பக்கத்து விமான நிலையம் திருவனந்தபுரம், பெரிய ஆஸ்பத்திரி, மொத்தச் சரக்கு என்று அங்கே போய்வருகிறவர்கள் ஏராளம். பாறசாலையில் கேரளப் போலீஸ் காரை நிறுத்தினால், இடுப்பில் இருப்பது உரிமம் இல்லாத துப்பாக்கி. எனவே கேரளத்தில் தொழில் இருந்தால் அதற்கான ஆவணத்தோடு இப்போதே அகன்ற எல்லை கேளுங்கள். கிடைக்காவிட்டால், எல்லை தாண்டும் நாளில் துப்பாக்கி வீட்டு லாக்கரில் இருக்கட்டும்.

படி 4: விசாரணை

கலெக்டர் அலுவலகத்திலிருந்து மனு போலீஸ் அறிக்கைக்குப் போகும். உள்ளூர் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருவார்கள். வழக்குகள், குடும்பத் தகராறு, அக்கம்பக்கத்து அபிப்பிராயம், துப்பாக்கி வைக்கும் இடம் எல்லாம் பார்ப்பார்கள். குறித்த காலத்துக்குள் போலீஸ் அறிக்கை வராவிட்டால் அது இல்லாமலே முடிவெடுக்கவும் கலெக்டருக்கு அதிகாரம் உண்டு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான்.

லாக்கர் விஷயத்தில் ஒரு திடமான கருத்து: பீரோவின் உள்ளறை போதாது. சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய சிறிய இரும்பு லாக்கர் வேண்டும். தோட்டாவுக்குத் தனிப் பூட்டு.

படி 5: வாங்குவது

உரிமத்தில் ".32 ரிவால்வர்" என்று இருந்தால் .32 பிஸ்டல் வாங்க முடியாது. தோட்டாவும் வேறு. இரண்டையும் .32 என்றே சொல்கிறார்கள். ஆனால் ரிவால்வர் தோட்டாவின் கூடு 23 மி.மீ. நீளம், விளிம்பு அகன்றிருக்கும். பிஸ்டல் தோட்டாவின் கூடு 17 மி.மீ. கடையில் பெட்டியின் மேல் எழுத்தைப் படித்துவிட்டே வாங்குங்கள். முதல்முறை வாங்குபவருக்கு ரிவால்வர்தான் நல்லது. சிலிண்டரைத் திறந்தால் குண்டு இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் தெரியும். பிஸ்டலில் மேகசினைக் கழற்றிய பிறகும் குழலுக்குள் ஒன்று இருக்கலாம், விபத்துகள் அப்படித்தான் நடக்கின்றன.

வாங்கியதும் துப்பாக்கி எண்ணை ரசீது, உரிமம், உலோகத்தில் பொறித்தது மூன்றிலும் ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் கடையை விட்டு வெளியே வரும் முன் திருத்த வேண்டும்.

படி 6: வெளியே எடுத்துச் செல்லும்போது

2016 விதிகளின் 32-ஆவது விதிப்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி ஹோல்ஸ்டரிலோ அதற்கான பையிலோ உடம்போடு சேர்ந்து இருக்க வேண்டும், முழுவதும் மூடியிருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கார் டாஷ்போர்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவது விதிமீறல். எடுத்துக் காட்டி மிரட்டினாலும், கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் உரிமம் போகும். கொண்டாட்டத் துப்பாக்கிச் சூட்டுக்கு 2019 திருத்தத்தில் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உரிமத்தின் நிபந்தனையில் இன்னொன்று: தனி அனுமதி இல்லாமல் திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் ஆகியவற்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. மண்டைக்காடு கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேரோட்டம் எல்லாம் இதில் அடங்கும். பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே கொண்டுவிடும் அப்பாவும் அடங்குவார்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு: தோல் ஹோல்ஸ்டரில் துப்பாக்கியை இரவு முழுக்க விடாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைக்கும், உப்புக்காற்றும் சேர்ந்தால் துரு சீக்கிரம் பிடிக்கும். நைலான் நல்லது. கழற்றித் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு லாக்கரில் வையுங்கள்.

தேர்தல் வந்தால்

நடத்தை விதி அமலானதும் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி ஆணை வரும். யார் ஒப்படைக்க வேண்டும் என்பதை மாவட்டப் பரிசீலனைக் குழு பார்க்கிறது. காவல் நிலையத்தில் கொடுக்கும்போது துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை இரண்டும் எழுதிய ரசீது கட்டாயம் வாங்குங்கள். உரிமப் புத்தகத்தைக் கொடுக்க வேண்டியதில்லை என்றால் நகலை மட்டும் கொடுங்கள். முடிவுகள் வந்தபின் ரசீதோடு போய் எடுத்துவர வேண்டும், தானாகத் தேடி வராது.

பின்னர் சேர்த்தது: அப்பாவின் துப்பாக்கி பற்றி. உரிமதாரர் இறந்தால் அது வீட்டில் இருப்பதே சட்டவிரோதம். உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கி, வாரிசு பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற விதி 25 இடம் தருகிறது. அந்த வாரிசுக்கும் மருத்துவச் சான்று, போலீஸ் விசாரணை, 10 கி.மீ. கணக்கு எல்லாம் புதிதாகப் பார்ப்பார்கள்.