மனம் படபடக்கும் மாலைக்கு ஒரு களி உருண்டை

பாலக்கோட்டிலிருந்து தர்மபுரிக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். கணக்கு எழுதும் வேலை. போன மார்ச் மாதம் முழுவதும் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, டீயும் பிஸ்கட்டுமாக ஓட்டினேன். இரவு படுத்தால் நெஞ்சு படபடக்கும். 2 மணிக்கு விழிப்பு தட்டிவிடும். ஒரு நாள் அத்தை, என் கணவரின் தாயார், துடுப்பை என் கையில் கொடுத்து, "இன்றைக்கு நீயே களி கிண்டு" என்றார்.

முதலில் டீயைச் சொல்லிவிடுகிறேன். டீயிலும் காபியிலும் உள்ள காஃபின் உடலில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்ததில் பாதி, 11 மணிக்கும் உள்ளேயே இருக்கிறது. அதனால் 4 மணிக்குமேல் எனக்குச் சுக்குமல்லிதான்.

இனி களி. மூன்று பேருக்கு 2 டம்ளர் கேழ்வரகு மாவு, அரை டம்ளர் நொய் (உடைந்த அரிசி), 5 டம்ளர் தண்ணீர். நொய்யை உப்புப் போட்டுக் குழைய வேகவிடுங்கள். கொதி தளதளக்கும்போது மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கிளறக் கூடாது, அவசரப்பட்டால் கட்டி விழும். துடுப்பின் காம்பால் குவியலின் நடுவே ஒரு துளை போட்டு, மூடி, தீயைக் குறைத்து 10 நிமிடம் விடுங்கள். துளை வழியாகக் கொதிநீர் மேலெழுந்து மாவை நனைக்கும். பிறகு பானையை இறக்கி, அசையாமல் பிடித்துக்கொண்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு அழுத்திக் கிண்டுங்கள். முதல் இரண்டு நிமிடம் தோள் வலிக்கும். பிறகு மாவின் வெளிர் நிறம் மாறிக் கருஞ்சிவப்பாகிப் பளபளக்கும். பச்சை வாடை போய் மணம் எழும். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் வேக வேண்டும். கிண்டிய அந்த ஐந்து நிமிடமும் என் நினைவில் ஆபீஸ் கணக்கு வரவில்லை. ஈரத் தட்டில் போட்டு உருட்டிக்கொள்ளுங்கள்.

தொட்டுக்கொள்ள அரைக்கீரைக் கடைசல். ஒரு கட்டுக் கீரை, ஒரு கைப்பிடி துவரம்பருப்பு, எங்கள் ஊர்த் தக்காளி இரண்டு, பூண்டு ஆறு பல், பச்சை மிளகாய் நான்கு. பருப்பு முக்கால் பதம் வெந்ததும் மற்றவற்றைப் போட்டு வேகவைத்து, உப்புச் சேர்த்து மண்சட்டியில் மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் அடித்தால் கொழகொழவென்று ஆகிவிடும், எனக்குப் பிடிக்காது. கடுகு, வரமிளகாய் தாளித்தால் முடிந்தது. கீரை கிடைக்காத நாளில் கொள்ளுக் கடைசல்.

கேழ்வரகிலும் கீரையிலும் மக்னீசியம் இருக்கிறது. நரம்பும் தசையும் ஒழுங்காக இயங்க அது வேண்டும். பருப்போடும் கீரையோடும் உண்ட களி நெடுநேரம் பசி தாங்கும். வயிறு காய்ந்தால் வரும் நடுக்கமும் எரிச்சலும் எனக்கு அடங்கியது அப்படித்தான். களி தின்றால் கவலையே ஓடிவிடும் என்று சொல்லமாட்டேன். வாரக்கணக்கில் தூக்கமில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். களியை மெல்லாமல், சிறு சிறு துண்டாகக் கிள்ளிக் கடைசலில் புரட்டி விழுங்க வேண்டும். ஒரு கையில் செல்போனை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

ஓர் உருண்டையை மிச்சம் வையுங்கள். இரவே தண்ணீரில் போட்டு மூடிவைத்தால் காலையில் லேசாகப் புளித்திருக்கும். கையால் கரைத்து, மோர் ஊற்றி, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்கலாம். 7 மணி பஸ்ஸுக்கு நான் இப்போது அதைக் குடித்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.