ஆற்றை நடந்து பார்த்து மதிப்பிடுவது எப்படி

குமரி மாவட்டத்தில் குழித்துறைப் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்து, தண்ணீர் தெளிவாகத்தானே ஓடுகிறது, ஆறு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் மீனுக்குத் தெளிந்த தண்ணீர் மட்டும் போதாது. ஒளிந்துகொள்ள வேர், முட்டையிடக் கூழாங்கல், மேலே நிழல், கோடையிலும் வற்றாத ஒரு கயம் (ஆழமான இடம்), இவ்வளவும் வேண்டும். இவை இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம், ஒரு நோட்டும் செல்போனும் போதும்.

இங்கிலாந்தில் 1990-களில் இதற்கென்று ஒரு முறை உருவாக்கினார்கள். ஆற்றில் 500 மீட்டர் நீளத்தை எடுத்துக்கொண்டு, 50 மீட்டருக்கு ஒன்றாகப் பத்து இடங்களில் நின்று பார்த்து எழுதுவது, பிறகு மொத்த நீளத்துக்கும் விடுபட்டதைச் சேர்ப்பது. நாம் நடக்கும் விதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவர்களின் மதிப்பெண் அந்த ஊர் ஆறுகளுக்குப் போட்டது.

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் மாசி, பங்குனிதான் சரியான நேரம், அப்போதுதான் ஆற்றின் அடி தெரியும். கோதையாறும் பரளியாறும் சேருகிற மூவாற்றுமுகம் பக்கம் ஒரு துண்டு, குழித்துறை பக்கம் ஒரு துண்டு என்று எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தை விட்டுவிடுங்கள், கடல் ஏறி இறங்கும் இடத்துக்கு இந்த முறை பொருந்தாது. தனியாகப் போகாதீர்கள், அணையில் தண்ணீர் திறக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் முதலில் அடியைப் பாருங்கள். பாறையா, உருண்டைக் கல்லா, கூழாங்கல்லா, மணலா, சேறா? கூழாங்கல்மேல் சேறு படிந்திருந்தால் அதை அழுத்தி எழுதுங்கள், முட்டைகள் மூச்சுத் திணறிச் சாகும் இடம் அது. மணல் அள்ளிய இடம் என்றால் திடீர்ப் பள்ளமும், செங்குத்தாக அறுந்த கரையும், அந்தரத்தில் தொங்கும் தென்னை வேரும் காட்டிக்கொடுக்கும். அப்புறம் ஓட்டம்: சலசலக்கிறதா, வழுக்கிப் போகிறதா, தேங்கி நிற்கிறதா? ஒரே துண்டில் மூன்றும் இருந்தால் நல்ல ஆறு. தடுப்பணை இருந்தால் அதற்கு மேலே தேங்கல் எவ்வளவு தூரம் என்று எண்ணி நடங்கள்.

கரையைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன். ஓட்டம் போகும் திசையைப் பார்த்து நின்று இடது, வலது என்று தனித்தனியாக எழுத வேண்டும். மண்கரையா, பக்கச்சுவரா? சுவர் கட்டினால் கரை பத்திரம் என்று நினைக்கிறோம், ஆனால் மீன்கொத்தி வளை தோண்டுவது மண்கரையில்தான். புல், புதர், கைதை (தாழை), பெரிய மரம் என்று அடுக்கடுக்காக இருக்கிறதா, இல்லை தண்ணீர் விளிம்புவரை ரப்பரோ வாழையோ வந்துவிட்டதா? தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் பச்சைதான், அதனால்தான் நடந்துபோய்ப் பார்க்கச் சொல்கிறேன்.

குப்பை, கழிவுநீர்க் குழாய், ஆகாயத்தாமரை, துணி துவைக்கும் கடவு எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு குறியுங்கள்.

பத்து இடத்திலும் மேல்நோக்கி ஒன்று, கீழ்நோக்கி ஒன்று என்று படம் எடுத்து, நின்ற இடத்தை மேப்பில் குறித்து வையுங்கள். அடுத்த வருடம் அதே மாதம் அதே இடத்தில் நின்றால்தான் கரை எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும்.