பின் ஸ்பிரிங் உடைந்தால் எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது?

ஒரு நாள் காலை காரை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்பக்கம் ‘டங்’ என்று ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தேன். டயர் சரி, சைலன்சர் சரி. ஒன்றும் தெரியாததால் ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன். அப்புறம் சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்து, ஸ்பிரிங்கின் அடியில் அப்பியிருந்த சேற்றைத் துடைத்தபோதுதான் கடைசி முக்கால் சுற்று தனியாகக் கிடப்பது தெரிந்தது.

அந்த ஒரு வாரம் ஓட்டியதுதான் முதல் தவறு. உடைந்த முனை கூராக இருக்கும். ஸ்பிரிங் இடம் மாறினால் பல கார்களில் அது டயரின் பக்கச் சுவரைத்தான் போய் உரசும். ஸ்பிரிங்கோடு டயருக்கும் சேர்த்துச் செலவு செய்ய வேண்டிவரும்.

இரண்டாவது தவறு, உடைந்ததை மட்டும் மாற்றுவது. ஸ்பிரிங் பெரும்பாலும் அடிச்சுற்றில்தான் உடையும். அது உட்காரும் கிண்ணத்தில் தண்ணீரும் மண்ணும் தேங்குகின்றன. கல் பட்டுப் பெயின்ட் உரிந்த இடத்தில் துரு ஏறிச் சின்னக் குழி விழுகிறது. அந்தக் குழியில் ஆரம்பிக்கும் விரிசல் ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து ஒரு நாள் முறிந்துபோகிறது. எதிர்ப்பக்கத்து ஸ்பிரிங்கும் அதே வயசு, அதே தண்ணீர், அதே மண். அதுவும் வரிசையில் நிற்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு, ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் தொய்ந்ததுமாக இருந்தால் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும். காரை ஒருமுறை தூக்கியபின் இரண்டாவது ஸ்பிரிங்கை மாற்றக் கூடுதலாக ஆகும் வேலை கொஞ்சம்தான். ஜோடியாக மாற்றுவதுதான் உண்மையில் மலிவு.

பழைய கார் உடைக்கும் இடத்தில் ஸ்பிரிங் மலிவாகக் கிடைக்கும். கதவு, கண்ணாடி, சீட் என்றால் நானும் வாங்குவேன். ஸ்பிரிங் மட்டும் வேண்டாம். அது ஏற்கனவே எத்தனை லட்சம் தடவை அமுங்கி எழுந்தது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

வெல்டிங் வைத்து ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஸ்பிரிங் எஃகு சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்தியது. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும். நீளமான ஸ்பிரிங்கை வெட்டிப் பொருத்துவதும் இதே ரகம்தான். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் விறைக்கும். வெட்டிய முனை கிண்ணத்தில் ஒழுங்காக உட்காராது.

அளவு பார்த்து ‘கிட்டத்தட்ட இதேதான்’ என்று வாங்குவதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 13 மில்லிமீட்டர் வந்தால், மற்ற அளவெல்லாம் ஒன்றாக இருந்தாலும் விறைப்பு சுமார் 38 சதவீதம் கூடிவிடும். கண்ணால் பார்த்தால் அந்த ஒரு மில்லிமீட்டர் தெரியவே தெரியாது. ஒரே மாடலில் பெட்ரோல், டீசல் என்று எஞ்சினுக்கு ஏற்ப ஸ்பிரிங் மாறுவதும் உண்டு. சேசிஸ் எண்ணைக் கொடுத்து பார்ட் நம்பர் எடுங்கள். பழைய ஸ்பிரிங்கில் பெயின்ட் கோடுகள் மிச்சமிருந்தால் அந்த நிறங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். நம்பர் சரியாகப் பொருந்தினால் கார் கம்பெனியின் சொந்தப் பெட்டியில் வந்ததுதான் வேண்டும் என்றில்லை. பெயர் பெற்ற வேறு தயாரிப்பாளரின் ஸ்பிரிங் போதும். காசை இங்கே தாராளமாக மிச்சம் பிடிக்கலாம்.

சரி, கூலியையும் மிச்சம் பிடித்து நாமே மாற்றலாமா? முதலில் உங்கள் காரின் அமைப்பைப் பாருங்கள். ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் தனித்தனியாக இருந்தால், பெரும்பாலும் பின் ஆக்ஸிலை இறக்கினாலே ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் இருந்தால் அது வேறு கதை. அதை அமுக்கிப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் கை எலும்பை முறிக்கும், முகத்திலும் அடிக்கும். அந்த வகையை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

தனி ஸ்பிரிங் என்றால் வேலை கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டாதீர்கள். முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பாடியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். ஆக்ஸிலுக்கு அடியில் இன்னொரு ஜாக்கியை முட்டுக் கொடுத்துவிட்டு, ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டை இரண்டு பக்கமும் கழற்றி, மெதுவாக இறக்குங்கள். அப்போது பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் ஒரு கண் பார்த்துக்கொண்டே இருங்கள். ஆக்ஸிலின் எடை அந்த ஹோஸில் தொங்கினால், ஸ்பிரிங்கில் மிச்சம் பிடித்தது பிரேக்குக்குப் போய்விடும்.

மாட்டும்போது ஸ்பிரிங்கின் முனை, ரப்பர் இருக்கையில் உள்ள தடுப்பில் முட்டி நிற்க வேண்டும். கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாலும் பள்ளத்தில் சத்தம் வரும். ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது கடைசி இறுக்கலில். ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் உருளை) உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போதே முழுசாக இறுக்கிவிடுகிறார்கள். வண்டி கீழே இறங்கியதும் அந்த ரப்பர் முறுகியே நிற்கும், சீக்கிரம் கிழியும். தளர்வாக மாட்டி வைத்துக்கொண்டு, ஆக்ஸிலை ஜாக்கியால் உயர்த்தி, வண்டி வழக்கமாக நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்தபின் டார்க் ஸ்பேனரால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) கார் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். சக்கர நட்டுகளை 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு தடவை சரிபாருங்கள். தொய்ந்திருந்த பின்பக்கம் இப்போது உயர்ந்திருப்பதால் ஹெட்லைட் முன்பைவிடத் தாழ்வாக அடிக்கலாம். இருட்டியபின் ஒரு சுவரெதிரே நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.