மஞ்சள் இருப்பும் தகவலின் விலையும்

ஈரோட்டில் மஞ்சளை இருப்பு வைத்திருக்கும் வணிகர், தெலங்கானாவின் நிசாமாபாத்திலும் மகாராஷ்டிரத்தின் சாங்கிலியிலும் புதிய நடவு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பதை ஆடி மாதத்தில் கவலையோடு விசாரிப்பார். அங்கே போய் வயல்களைப் பார்த்து அறிக்கை தர ஒருவர் கட்டணம் கேட்டால், எவ்வளவு வரை கொடுக்கலாம்? இதைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். முடிவெடுக்கும் முறைகளை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ரொனால்ட் ஹோவர்ட் 1966-இல் எழுதிய கட்டுரை இவ்வழிமுறைக்கு அடித்தளமிட்டவற்றுள் ஒன்று.

முதலில், தகவல் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதை எழுதுங்கள். இன்றே விற்றால் 1 லட்சம் ரூபாய் லாபம் என்றும், தை வரை வைத்திருந்து விலை ஏறினால் கிடங்கு வாடகையும் வட்டியும் போக 5 லட்சம் லாபம், இறங்கினால் 2 லட்சம் நட்டம் என்றும் வைத்துக்கொள்வோம். விலை ஏற நூற்றுக்கு 40 வாய்ப்பு என்று கருதினால், இருப்பு வைப்பதன் சராசரி லாபம் 80,000 ரூபாய்தான். ஆகவே விற்பதே மேல்.

அடுத்து உச்சவரம்பைக் காணுங்கள். வரப்போகும் விலை பிழையின்றித் தெரிந்தால், ஏறும் 40 முறை 5 லட்சமும் மற்ற 60 முறை 1 லட்சமும் கிடைக்கும், சராசரி 2.6 லட்சம். முன்னதைவிட இது 1.6 லட்சம் கூடுதல். எவ்வளவு நம்பகமான தகவலானாலும் அதற்கு மேல் கொடுக்கக் கூடாது.

ஆனால் அறிக்கை தருபவர் பத்துக்கு எட்டு முறைதான் சரியாகச் சொல்வார் என்றால், நூறு முறையில் 44 முறை "ஏறும்" என்பார். அவற்றுள் 32 பலிக்கும், 12 பொய்க்கும். அப்போது மட்டும் இருப்பு வைத்து, மற்ற 56 முறையும் விற்றால் சராசரி 1.92 லட்சம், அறிக்கையின் மதிப்பு 92,000 ரூபாய். பத்துக்கு ஆறு முறை மட்டுமே சரியென்றால் அது 24,000 ஆகச் சரியும். ஐந்து முறை என்றால் எதுவுமே இல்லை, ஏனெனில் அவர் என்ன சொன்னாலும் நீங்கள் விற்கத்தான் வேண்டும். முடிவை மாற்றாத தகவலுக்குப் பணம் கொடுப்பது வீண் என்பதை வணிகர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆகையால் சொன்ன நாள், சொன்னது, நடந்தது ஆகிய மூன்றையும் ஒவ்வொரு ஆண்டும் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் எட்டா ஆறா என்று தெரியவே தெரியாது.

இடரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நல்ல அறிக்கையை நம்பினாலும் நூற்றில் 12 முறை 2 லட்சம் நட்டம் வரும். விற்றுவிட்டால் அந்த நட்டமே கிடையாது. கடன் வாங்கிய பணத்தில் தொழில் செய்பவரால் அதைத் தாங்க முடியாதென்றால், "ஏறும்" என்று கேட்டாலும் பாதியை விற்றுப் பாதியை மட்டும் வைக்கட்டும். அவருக்கு அதே அறிக்கை 46,000 ரூபாய்க்கு மேல் பெறாது.